பொய் சொல்ல முடியாத இளவரசன் சொன்ன பொய்: ஒரு ஃபேரி நாவலை வாங்கும் முன்

மேலைநாட்டுப் பழங்கதைகளில் வரும் மாய மக்களான ஃபேரிகளைப் பற்றிய இளையோர் மிகுபுனைவு நாவல் ஒன்றை, அதன் விளம்பர வாசகத்தை நம்பி, வெளிவரும் முன்பே பணம் கட்டிப் பதிவுசெய்து வாங்கி ஏமாந்தேன். நூலின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே வார்ப்பில் வேறு நூல்களும் வருகின்றன என்பதால், பெயரைவிட அறிகுறிகளைத் தெரிந்துகொள்வதுதான் வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

பொய்யே சொல்ல முடியாத ஓர் இளவரசன், அவன் சொல்லும் ஒவ்வோர் உண்மையும் ஒரு பொறி என்பதே அந்த வாசகத்தின் சாரம். ஃபேரி கதைகளில் ஊறியவர்களுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது. ஃபேரிகளால் பொய் பேச இயலாது என்பது இக்கால நாவல்களில்தான் இறுக்கமான விதியாகியிருக்கிறது என்றாலும், அதன் சாயல் பழையது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் வேல்ஸ் பயணத்தை எழுதிவைத்த ஜெரால்டு என்னும் மதகுரு, பொய்யை அருவருத்த குறுமக்களின் நாட்டுக்குப் போய்வந்த சிறுவனின் கதையைப் பதிவுசெய்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் பழம்பாடல் ஒன்றில், ஃபேரி அரசியுடன் ஏழு ஆண்டுகள் தங்கும் தாமஸ், பொய் பேசாத நாவைப் பரிசாகப் பெறுகிறான். பொய் சொல்ல முடியாதவர்கள் உண்மையை வளைத்தே ஏமாற்ற வேண்டும் என்பதால், இத்தகைய கதைகளில் ஒவ்வோர் உரையாடலையும் இருமுறை படிக்கத் தோன்றும். அந்த மகிழ்ச்சிக்காகத்தான் நான் பணம் கொடுத்தேன்.

முதல் பாதி அந்த வாக்கைக் காப்பாற்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. காணாமற்போன தன் தங்கை உயிரோடிருக்கிறாளா என்று நாயகி கேட்கும்போது, "நேற்று அவள் குரலைக் கேட்டேன்" என்கிறான் இளவரசன். அந்தக் குரல் ஒரு பறவையின் தொண்டையில் சிறைவைக்கப்பட்டது என்பது பின்னர் தெரிகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் ரசித்தேன். ஆனால் முப்பத்தோராம் அத்தியாயத்தில், அரசவை முழுவதும் கேட்க, அதே இளவரசன் நாயகியைச் சுட்டி, "இவளை நான் இதற்கு முன் கண்டதே இல்லை" என்கிறான். இச்சொற்களுக்குள் வேறு பொருள் ஒளிந்திருக்கும் என்று நம்பி, முன்னும் பின்னும் புரட்டி, கடைசியாகச் சந்தித்தபோது இருவரும் முகமூடி அணிந்திருந்தார்களா என்பது வரை தேடிப் பார்த்தேன். எதுவும் இல்லை, அது அப்பட்டமான பொய். மூன்று அத்தியாயங்கள் கழித்து, காதல்வயப்பட்டவர்களை அந்த விதி கட்டுப்படுத்தாது என்று ஒரே வரியில் விளக்கம் வருகிறது. அந்த ஒரு வரியால், அவன் அதுவரை பேசிய அத்தனை சொற்களும் மதிப்பிழந்துவிடுகின்றன. எப்போது காதல்வயப்பட்டான், எதிலிருந்து நம்பக் கூடாது என்பதைக்கூட நூல் சொல்வதில்லை.

மற்ற விதிகளின் கதியும் இதுதான். ஃபேரிகளை இரும்பு சுடும் என்று எச்சரித்துவிட்டு, நாயகியின் இரும்புக் காப்பு அணிந்த கையையே இளவரசன் இறுகப் பற்றுகிறான். ஃபேரிகளின் உணவை உண்டவர் திரும்ப முடியாது என்கிறார்கள். நாயகி விருந்துண்டுவிட்டு வீடு திரும்பி உறங்குகிறாள்.

என்னை உண்மையிலேயே வருத்தியது வேறொன்று. குழந்தையையோ பெரியவரையோ ஃபேரிகள் கவர்ந்துகொண்டு, அதே உருவில் மாற்றாள் ஒருவரை விட்டுச்செல்வார்கள் என்ற நம்பிக்கையை இந்நூல் ஒரு நகைச்சுவைத் துணுக்காகப் பயன்படுத்துகிறது. அயர்லாந்தில் 1895ஆம் ஆண்டு பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம்பெண்ணை, இவள் என் மனைவியல்லள், மாற்றாள் என்று சொல்லித் தீயிட்டுக் கொன்றவன் அவளுடைய கணவன். அந்த நம்பிக்கையின் இருளைத் தொட விரும்பாத எழுத்தாளர் அதை விட்டுவிட்டிருக்கலாம்.

இவையெல்லாம் ரசனை சார்ந்த குறைகள் என்று ஒருவர் வாதிடலாம். கடைசிப் பக்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. நாயகி ஒரு கதவைத் திறக்கிறாள், கதை நின்றுவிடுகிறது, அடுத்த தாளில் "முதல் பாகம் முற்றிற்று" என்று இருக்கிறது. அட்டையிலோ விற்பனைக் குறிப்பிலோ இது தொடரின் முதல் பாகம் என்ற சொல்லே இல்லை. படித்த நூலைத் திரும்பப் பெற விற்பனையாளரும் மறுத்துவிட்டார்.

ஆகவே, இத்தகைய நூலை முன்பதிவு செய்ய நினைப்பவர்கள் வெளிவரும்வரை பொறுத்திருங்கள். இலவசப் பிரதி பெற்றவர்களின் முன்கூட்டிய பாராட்டுகளைவிட, வெளிவந்த பின் குறைந்த மதிப்பெண் அளித்தவர்கள் காரணம் சொல்லி எழுதுபவற்றைப் படியுங்கள். மாதிரி அத்தியாயங்களை மட்டும் நம்ப வேண்டாம். இந்நூலிலும் அவைதான் மிகச் சிறப்பானவை. கதை இந்த நூலோடு முடிகிறதா என்று விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இரண்டாம் பாகத்துக்கான முன்பதிவு அறிவிப்பு சென்ற வாரம் வந்தது. அதிலும் அவன் பொய் சொல்ல முடியாத இளவரசன்தான்.