கல்லூரிச் சேர்க்கை: ஆலோசனை அலுவலகமா, பள்ளி ஆசிரியரா?

பிளஸ் டூ தேர்வு முடிந்ததுமே கடலூரிலும் புதுச்சேரியிலும் 'இலவசக் கல்வி ஆலோசனை' பதாகைகள் முளைத்துவிடும். அக்கா மகளுக்குப் பொறியியல் இடம் தேடியபோது அப்படி ஓர் அலுவலகத்திலும், அவள் படித்த அரசுப் பள்ளியின் கணக்கு ஆசிரியரிடமும், அரசின் சேர்க்கை உதவி மையத்திலும் கேட்டோம். கடைசியில் நடந்தது ஆசிரியர் சொன்னபடிதான். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

உதவி மையத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விண்ணப்பப் பதிவு, சான்றிதழ் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு அது போதும். எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டால் பதில் வராது; வரவும் கூடாது.

அலுவலகத்தில் குளிரூட்டிய அறை, வழவழப்பான கையேடுகள், பொறுமையான பேச்சு. பல கல்லூரிகளின் கட்டணமும் விடுதி விவரமும் ஒரே மேசையில் கிடைப்பது உண்மையிலேயே வசதிதான். ஆலோசனை இலவசம் என்றால் வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று அக்கா கேட்டேவிட்டாள். சில கல்லூரிகள் சேர்க்கைக்கு ஏற்ப 'ஊக்கத்தொகை' தருவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். முன்பணமும் அசல் மதிப்பெண் பட்டியலும் கொடுத்தால், கல்லூரி நிர்வாகமே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பிடித்து வைப்பார்களாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.; இடையில் இருப்பவருக்கு எதற்கு?

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். எங்கள் முடிவைத் தீர்மானித்தது, அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கு நாம் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியல். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவது எல்லோருக்கும் தெரியும். கல்லூரிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில்தான் குழப்பமே. "கிடைக்காததை மேலே போட்டால் வாய்ப்பு வீண், உறுதியாகக் கிடைப்பதை முதலில் போடுங்கள்" என்றது அலுவலகம். அந்த 'உறுதியான' கல்லூரி எப்படிப்பட்டது என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் நேர் எதிராகச் சொன்னார். கணினி பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது; நம் முறை வரும்போது இடம் காலியாக இருக்கும் முதல் விருப்பத்தைத் தருகிறது. எட்டாத கல்லூரி முதல் வரியில் இருந்தால் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். எளிதில் கிடைப்பது மேலே இருந்தாலோ, அதுவே ஒதுக்கப்படும். கீழே எழுதிய நல்ல கல்லூரியைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலானதற்குக் காத்திருக்கலாம் என்ற வசதியும், பட்டியலில் அதற்கு மேலே எழுதியவற்றுக்கு மட்டுமே.

முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரம், அதாவது எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்பது, கல்லூரி, பாடப்பிரிவு, சமூகப் பிரிவு வாரியாகச் சேர்க்கை இணையதளத்திலேயே இருக்கிறது. ஆசிரியர் அதை அச்செடுத்து, எங்களுக்குரிய பத்தியை மட்டும் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். பொதுப்பிரிவு எண்ணைப் பார்த்து மிரண்டு, கைக்கெட்டும் இடத்தை விடுபவர்கள் ஏராளமாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். ஆசிரியர் முதலில் பேசியதே அதைப் பற்றித்தான். அலுவலகத்தில், எந்தப் பள்ளி என்று கேட்டவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆசிரியரிடமும் குறை உண்டு. செயற்கை நுண்ணறிவு போன்ற புதிய பிரிவுகள், வளாக நேர்காணல் நிலவரம் எல்லாம் அவருக்குச் செவிவழிச் செய்திதான். அவற்றை அந்தந்தக் கல்லூரியில் படிக்கும் மூத்த மாணவர்களிடம் கேட்டுக்கொண்டோம்.

இது தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் மட்டும் கிடைத்த அனுபவம். மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீடு, மாநில ஒதுக்கீடு என்று தனித்தனிச் சுற்றுகள் இருப்பதால், அங்கே கல்லூரிகளிடம் எதுவும் வாங்காமல் மாணவரிடம் மட்டும் கட்டணம் பெறும் ஆலோசகர் ஒருவேளை பயன்படலாம். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அந்த அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் தனி உலகம். அதன் உள்ளூர் ஒதுக்கீட்டுக்குக் குடியிருப்புச் சான்று வேண்டும் என்பதால், கடலூர்ப் பிள்ளைகளிடம் "புதுச்சேரி கோட்டாவில் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.