சாதா விசைத்தறியா, ரேப்பியர் தறியா?

சோமனூர், பல்லடம் பக்கம் தறி மாற்ற யோசிப்பவர்களுக்கு:

வேகம்: சாதா தறியில் ஊடை (குறுக்கு நூல்) கொண்டுபோகும் நாடா நிமிடத்துக்குச் சுமார் 120 முறை பாயும். நாடா இல்லாமல், கம்பியோ பட்டையோ ஊடையை இழுத்துச் செல்லும் ரேப்பியர் 300-ஐத் தாண்டும்.

நிறுத்தம்: சாதா தறி, தார் (நாடாவுக்குள் இருக்கும் சிறு நூல் கண்டு) தீரும்போதெல்லாம் நிற்கும். ரேப்பியர் பெரிய நூல் கண்டான கோனிலிருந்தே ஊடை எடுக்கும். ஆனால் கஞ்சி சரியாக ஏறாத பாவு (நீள நூல்) அந்த வேகத்தில் அறுந்துகொண்டே இருக்கும். வாங்கிய வேகம் வீண்.

கரை (துணியின் ஓரம்): சாதாவில் தானாக அமையும். ரேப்பியரில் ஓர நூலை வெட்டுவதால் அது கழிவு.

அரசு உதவி: விசைத்தறிக்கான இலவச மின்சாரம் 2023-இல் இரு மாதத்துக்கு 750-லிருந்து 1000 யூனிட்டானது. பழைய தறியை அது காப்பாற்றும். நெசவாளி மணிக்கு நெய்யும் மீட்டரைக் கூட்டாது. அதற்கு முதலீட்டு மானியம் வேண்டும். அதைத் தந்த மத்தியத் திட்டம் 2022 மார்ச்சில் முடிந்தது பெரிய இழப்பு.

கூலிக்குக் காடா (சாயமேற்றாத பருத்தித் துணி) ஓட்டுபவருக்குச் சாதா தறி போதும். அகலத் துணி ஆர்டரும் நல்ல சைசிங்கும் (பாவுக்குக் கஞ்சி போடுதல்) உறுதியானால் ரேப்பியர்.