பெரிய டயர் மாட்டிய பிறகு கியர் என்ன ஆனது? சில வருட அனுபவம்

என் டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கம்பெனி டயரான 245/75 ஆர்16-ஐ எடுத்துவிட்டு 285/75 ஆர்16 மாட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. கணக்குப்படி டயரின் விட்டம் 774 மில்லிமீட்டரிலிருந்து 834 ஆகிறது. அதில் பாதி, 30 மில்லிமீட்டர், ஆக்ஸிலுக்கு அடியில் கூடுதல் இடைவெளி. கற்பாதையில் டிஃப்ரென்ஷியல் (ஆக்ஸிலில் உள்ள கியர்ப் பெட்டி) தட்டுவது நன்றாகவே குறைந்தது. அந்த வகையில் முழுத் திருப்தி.

ஆனால் விட்டம் 7.75 சதவீதம் கூடினால், எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும்; அதாவது அதே எஞ்சின் சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும், இழுவை குறையும். என் வண்டியின் ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) 4.10, புது டயரோடு அது 3.80 போல நடந்துகொண்டது. நெடுஞ்சாலையில் பெரிய தொல்லை இல்லை. ஏற்றம் வந்தால் ஒரு கியர் முன்னதாகவே குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடோமீட்டரும் தூரத்தைக் குறைத்துக் காட்டும். அதைத் திருத்தாமல் மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம்.

உண்மையான இழப்பு லோ ரேஞ்ச் (கடினமான பாதையில் மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர் வரிசை) முதல் கியரில்தான். நின்ற இடத்திலிருந்து ஒரு பாறைப் படியில் ஏறக் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கிளட்ச் வாடையும் வந்தது. இறக்கம் இன்னும் மோசம். முன்பு ஐட்லிங்கிலேயே நிதானமாக இறங்கிய சரிவில் வண்டி முந்திக்கொண்டு ஓடியது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிச் சறுக்குகிறது. டயரில் காற்றைக் குறைத்தாலும் இது தீராது. பிடிப்பு கூடும், ஆனால் ரேடியல் டயரின் ஸ்டீல் பெல்ட் சுற்றளவை அதிகம் சுருங்க விடாது. கியர் விகிதம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

கடைசியில் ஆக்ஸில் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றினேன். 4.10-ஐ 1.0775-ஆல் பெருக்கினால் 4.42 வருகிறது; எனக்குக் கிடைத்ததில் அதற்கு அருகில் இருந்தது 4.56. முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே விகிதம் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீலில் கெட்டித் தரையில் ஓட்டும்போது முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிக்கொள்ளும். பல் இடைவெளியையும் பற்கள் பதியும் தடத்தையும் பொறுமையாகச் சரிபார்க்கும் மெக்கானிக்கிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். புதிதில் மென்மையாக ஓட்டி, பிறகு டிஃப்ரென்ஷியல் ஆயிலை மாற்றினேன்.

அதன் பிறகு வண்டி பழைய நிதானத்துக்கு வந்துவிட்டது, இன்னும் சொன்னால் ஒரு பிடி மெதுவாகவே ஊர்கிறது. மேல் கியரில் ஆர்பிஎம் பழைய அளவைவிட 3 சதவீதம் போல அதிகம், அதை நான் பொருட்படுத்தவில்லை. விகித எண் கூடக்கூடப் பினியன் சிறுத்துப்போகும் என்பதுதான் கவலை. அதனால் சக்கரம் மாட்டிக்கொண்ட இடத்தில் ஆக்ஸிலரேட்டரை வெட்டி வெட்டி மிதிப்பதை அறவே தவிர்க்கிறேன்.

265/75-க்கு மட்டும் போகிறவர்களுக்கு வித்தியாசம் 4 சதவீதத்துக்கும் கீழேதான், கியரைத் தொட வேண்டாம். 285 போட்டுப் பாறையும் செங்குத்துச் சரிவும் ஏறப்போகிறீர்கள் என்றால், டயர் செலவோடு கிரவுன் பினியன் செலவையும் சேர்த்தே திட்டமிடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் கியரை மட்டும் மாற்றும் வழியும் சில வண்டிகளுக்கு உண்டு. அது சரிவில் உதவும், ஹை ரேஞ்சில் இழுவை பழையபடி குறைவாகவே இருக்கும்.