கியர் திருத்தக் கொடுத்து 168,000 ரூபா போச்சு: எஞ்சின் வைத்திருக்கிற ஆக்கள் கவனம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 168,000 ரூபா. படகு எஞ்சினின் கியரைத் திருத்தக் கொடுத்த காசு. எஞ்சின் இப்போது கரையிலுள்ள வாடிக் கொட்டிலுக்குள் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது, கியர் முன்பு எப்படிக் கழன்றதோ அப்படியே கழல்கிறது, காசு வாங்கியவர் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் தேவையில்லாத வழக்கு வம்பு வரும் என்று வீட்டில் கத்துகிறார்கள். ஏ-9 வீதியோரம், படகு எஞ்சின் திருத்துவதோடு உதிரிப்பாகமும் விற்கிற ஒரு கடை, அவ்வளவு போதும். பேஸ்புக்கில் பக்கமும் வைத்திருக்கிறார்கள், கழுவித் துடைத்த எஞ்சின் படங்களாகப் போட்டு.

என்னுடையது 25 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். கையால் திருப்பி ஓட்டுவது, கியர் லிவர் எஞ்சினின் பக்கத்திலேயே இருக்கும். முல்லைத்தீவு அளம்பில் கரையிலிருந்து தொழிலுக்குப் போகிறேன். சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், எங்கள் பக்கத்துக் கடல் படிந்து கிடக்கும், வருடம் முழுக்கத் தின்பதற்கு உழைப்பது அந்த மாதங்களில்தான், வாடை தொடங்கினால் படகை ஏற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து முன் கியர் கழலத் தொடங்கியது. லிவரைத் தள்ளினால் கியர் விழும், மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் தெரியாது, கொஞ்சம் முறுக்கினால் அடியில் 'கட கட' என்று அடித்துக்கொண்டு நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் வெறுமனே அலறும், படகு நகராது. கரைக்கு வரும்போது அலை உடைகிற இடத்தில் இப்படி நடந்தால் படகு குறுக்கே திரும்பும், பிறகு என்ன நடக்கும் என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பட்டா லொறி ஒன்று பிடித்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனேன். கடை வாசலில் ஒரு பெரிய ஸ்டெர்ன்டிரைவ் கழற்றி மரக்குற்றியில் நிறுத்தியிருந்தது. எஞ்சின் படகுக்குள்ளும் கியர்க் கால் பின்பலகைக்கு வெளியிலும் இருக்குமே, அந்த வகை. தெற்கிலே ஒரு சுற்றுலாப் படகினுடையதாம். நான் பார்த்துக்கொண்டு நிற்க, கடைக்காரர் தானாகவே வந்து விளக்கினார். இதிலே கியரை இழுப்பது கேபிள், கேபிள் உறைக்குள் உப்புத் தண்ணீர் போனால் துருப்பிடித்து இறுகும், இறுகினால் கியர் விழவும் மாட்டாது, விழுந்தால் எடுக்கவும் வராது என்றார். கியர் எடுக்கும்போது எஞ்சினின் தீப்பொறியை ஒரு கணம் நிறுத்துகிற குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கிறதாம், சுமை குறைந்து பற்கள் விடுபடுவதற்காக. கேபிள் இறுகிய படகில் அந்த சுவிட்ச் விடாமல் பிடித்துக்கொண்டு, கியர் மாற்றும்போது எஞ்சினே நின்றுவிடும் என்றார். அதற்குப் பிறகு நான் விசாரித்ததில் அவர் சொன்னதெல்லாம் சரி. வேலை தெரிந்த ஆள், அதில் சந்தேகமில்லை. தெரிந்துகொண்டே செய்தார் என்பதுதான் வயிறு எரிகிறது.

என் எஞ்சினை என் கண்முன்னே திறந்தார். அடிப் போல்ட்டைக் கழற்றினார், பிறகு மேல் போல்ட்டை, ஒயில் பால் நிறத்தில் ஒரு ரின்னுக்குள் வழிந்தது. விரலால் தொட்டுத் தேய்த்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "பாருங்கோ அண்ணை, தண்ணி போயிட்டுது. உள்ள கியர் எல்லாம் முடிஞ்சுது. முன் கியர், பின் கியர், பினியன், நடுவில ஓடுற டொக், பெயாரிங், சீல் முழுக்க மாத்தவேணும். ஜப்பான் சாமான்தான் போடுவன், மட்டமானது என்ர கடைக்குள்ள வராது." டொக் என்பது முன் கியருக்கும் பின் கியருக்கும் நடுவில் நகர்ந்து ஏதாவது ஒன்றைப் பல்லால் பிடிக்கிற துண்டு, பினியன் அந்தக் கியர்களைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம், சீல் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வளையம். விலை 168,000 என்றார். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே உள்ளிருந்து தேநீர் வந்தது. எந்த இடம் அண்ணை என்று கேட்டார், சொன்னேன். "நாங்களும் முள்ளிவாய்க்காலால வந்த ஆக்கள்தான், செட்டிகுளம் முகாமில கிடந்தனாங்கள், உங்கட கையில நான் கூட எடுப்பனோ" என்றார். அதற்கு மேல் விலை பேச எனக்கு வாய் வரவில்லை. 2009ஐச் சொல்லிவிட்டால் எங்கள் ஆக்களில் யார்தான் பிறகு கணக்குக் கேட்பார்கள்? அதையும் சேர்த்துத்தான் அவர் தொழில் செய்கிறார் என்று இப்போது விளங்குகிறது.

அன்றைக்கே 100,000 கொடுத்தேன். வலை வாங்க வைத்திருந்த சீட்டுக்காசு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியதற்குப் பிறகு எங்கள் கரையில் சும்மா காசு வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை, மீதி 68,000 கடன் மாறித்தான் கொடுத்தேன். சிட்டை கேட்டதற்குக் கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து 'கியர் வேலை 168,000' என்று எழுதித் தந்தார். பழைய சாமான் எங்கே என்றும் கேட்டேன். இரும்புக்குப் போட்டாச்சு என்று சிரித்தார். எஞ்சினைத் தண்ணீர் பீப்பாய்க்குள் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, முன்னுக்கும் பின்னுக்கும் கியர் போட்டுக் காட்டினார். டக், டக் என்று அழகாக விழுந்தது. கியர்க் காலுக்குப் புதுப் பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள், பார்க்கப் புது எஞ்சின்தான்.

பீப்பாய்க்குள் மெல்லிய ஓட்டத்தில் கியருக்கு என்ன சுமை? படகையும் ஆளையும் வலையையும் தள்ளும்போதுதான் பல்லின் குணம் தெரியும். கடலில் இறக்கி அலையைத் தாண்டி முறுக்கினேன், அதே 'கட கட'. பக்கத்துப் படகுக்காரர்தான் கயிறு போட்டு இழுத்து வந்தார்.

போன் எடுத்தேன். முதலில் நல்ல மரியாதை. "அண்ணை, புதுக் கியர், கொஞ்சம் ஓடினாப் பிறகுதான் பழகும்." கொஞ்சம் ஓடி, இன்னும் மோசமாகி, திரும்ப எடுத்தபோது, "நீங்கள் கியரை மெதுவாப் போடுறீங்கள், அதுதான் பல் தேயுது" என்றார். கியரை மெதுவாகத் தேய்த்துத் தேய்த்துப் போட்டால் பல் முனை போகும் என்பது உண்மை, ஓட்டத்தைக் குறைத்துவிட்டு ஒரே தள்ளாகத் தள்ளவேண்டும் என்பது இந்தக் கரையில் சின்னப் பொடியனுக்கும் தெரியும். அதையா எனக்குச் சொல்வது? புதுப் பல் அவ்வளவு சீக்கிரம் தேயுமா? சரி, கொண்டு வாங்கோ பார்ப்பம் என்றார், திரும்பவும் பட்டாக்குக் கூலி கொடுத்துக் கொண்டு போனேன். கடையில் ஒரு பொடியன் மட்டும் நின்றான். பாஸ் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிட்டார், எஞ்சினை வைத்துவிட்டுப் போங்கோ என்றான். வைத்துவிட்டு வர நான் பைத்தியமா, ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டேன், நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து எடுத்தபோது எடுத்தார். காசைத் திருப்பித் தாங்கோ என்றதற்கு, "என்ன எனக்குக் கடனோ தந்தனீங்கள், வேலைக்குத்தானே தந்தனீங்கள்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து நித்திரை இல்லை. அந்த நம்பரும் புளொக்.

செம்மலைப் பக்கத்தில் பழைய எஞ்சின் வேலைக்காரர் ஒருவர் இருக்கிறார், வயது போய்விட்டதால் இப்போது வேலை எடுப்பதில்லை. அவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். முதல் வேலையாக பிளக் வயர்களைக் கழற்றிவிட்டார், கையால் சுற்றும்போது எஞ்சின் தற்செயலாகப் பற்றக்கூடாது என்பதற்காக. பிறகு புரொப்பெல்லரைக் கழற்றினார். அதன் பின்னால் ஷாஃப்டில் தங்கூசி நூல், மீன்பிடிக்கிற நைலோன் நூல், இறுகச் சுற்றி, சீலின் உதட்டை வெட்டிக்கொண்டு இருந்தது. நூலை நகத்தால் கிளப்பிக் காட்டினார், கறுத்துப்போன பழைய நூல். சீல் மாற்றியதாகச் சொன்னார்களே, மாற்றுகிற ஆளுக்கு இந்த நூல் கண்ணில் படாமல் போகுமா? தண்ணீர் உள்ளே போன வழி அதுதான், ஒயில் திரும்பவும் பால் நிறமாகத்தான் வந்தது. அடிப் போல்ட்டின் வாஷரும் பழையது, நசுங்கித் தகடாகி இருந்தது.

கியர்க் காலைக் கழற்றும்போது இன்னொன்றும் அகப்பட்டது. லிவரிலிருந்து கீழே போகிற கியர்க் கம்பி நடுவில் ஒரு இணைப்பில் சேர்கிறது, அதன் பூட்டு நட் கையாலேயே சுழன்றது. அந்த இணைப்பு அளவுக்குச் சரியாக நிற்காவிட்டால் லிவர் முழுக்க வந்தாலும் கீழே டொக் பாதிதான் போய்ச் சேரும் என்றார். பாதிப் பல்லில் பிடித்து ஓடினால் சுமை ஏறும்போது கழலத்தானே செய்யும்.

கடைசியில் டொக்கை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். கூராக நிற்கவேண்டிய மூலைகள் கரைந்த சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டுபோய் இருந்தன. முன் கியரின் பல்லிலும் அதே உருளல், ஓரத்தில் துருப்புள்ளி. ஒரு சோளகத்தில் வருகிற தேய்மானம் இது கிடையாது. "தம்பி, இதில ஒருத்தரும் கை வைக்கேல்லை. திறந்து, கழுவி, மூடிப் பெயின்ட் அடிச்சிருக்கிறாங்கள்" என்றார். பின் கியரும் பினியனும் நல்லாகவே இருக்கின்றனவாம். டொக்கும் முன் கியரும் சீல்களும் வாங்கி, கம்பியைச் சரியாகப் பூட்டினால் முடிகிற வேலை, நான் கொடுத்த காசில் பாதியும் வராது என்றார். 168,000 ரூபாவுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு ரின் பெயின்ட்.

நிறைய எழுதவேண்டும் என்று இருந்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் மீதிக் காசைக் கொடுக்காதீர்கள், யார் எந்த ஊர்க் கதை சொன்னாலும். எது எது மாற்றினார்கள் என்று சிட்டையில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், என்னுடைய கொப்பித் தாளைப் பார்த்துக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) சிரிக்கிறார்கள். பீப்பாய்க்குள் ஓட்டிக் காட்டுவதை நம்பவேண்டாம், களப்பிலாவது கடலிலாவது ஆளோடு ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் அலறிப் படகு போகாவிட்டால் உடனே கியர் பொக்ஸைத் திறக்கக் கொடுக்கவேண்டாம், புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்கினாலும் அப்படித்தான் இருக்கும். உள் வளையத்திலும் வெளிப் பாகத்திலும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓடிப் பாருங்கள், கோடு விலகியிருந்தால் ரப்பர்தான் போயிருக்கிறது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு எடுத்தால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள், வேலை செய்து தந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே கடையில் கொடுத்துக் கையைச் சுட்டவர்கள் இருந்தால் சிட்டையைப் படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள், எத்தனை பேர் என்று தெரிந்தால் சேர்ந்தே கொடுக்கலாம்.