லாரன்ஸ் ரோட்டுல வாங்குன 2000 பாட்டு பென்டிரைவ், தயவுசெஞ்சு வாங்காதீங்க

போன மாசம் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுல ஒரு செல்போன் கடையில 32 ஜிபி பென்டிரைவ் வாங்குனேன். 2000 பாட்டு, எல்லாமே 320 கேபிபிஎஸ் (ஒரு செகண்ட் பாட்டுக்கு எவ்வளவு டேட்டாங்கற கணக்கு, கூட இருந்தா சத்தம் தெளிவா இருக்கும்), 550 ரூபான்னாங்க. அப்பா வாரத்துக்கு ரெண்டு தடவ கார்ல சிதம்பரம் போய்ட்டு வருவாரு, வழியில கேக்கட்டுமேன்னுதான்.

மொத நாளே சத்தம் சரியில்ல. சலங்கை, ஜால்ரா வர்ற எடமெல்லாம் தகரத்துல மணல் கொட்டுன மாதிரி கரகரங்குது. கம்ப்யூட்டர்ல போட்டு ஸ்பெக்ட்ரம், அதாவது கீழ்சத்தத்துலேர்ந்து கீச்சுசத்தம் வரைக்கும் என்னென்ன இருக்குன்னு காட்டற படம், பாத்தா 16 கிலோஹெர்ட்ஸ் கிட்ட கத்தியால வெட்டுன மாதிரி நிக்குது, மேல ஒண்ணுமே இல்ல. எங்கேயோ டாரன்ட்ல (நெட்ல ஒருத்தர் மெஷின்லேர்ந்து ஒருத்தர் ஃபைல் எடுத்துக்கற வழி) எடுத்த 128 கேபிபிஎஸ் பாட்ட 320ன்னு மாத்தி சேவ் பண்ணிருக்காங்க. ஃபைல்தான் பெருசாகும், போன சத்தம் போனதுதான். நாலஞ்சு பாட்டு பாதியில நிக்குது, ஒண்ணுல சரணம் ஆரம்பிக்கறப்போ ஒரு பொம்பள குரல் வெப்சைட் பேர சொல்லுது.

அதக்கூட விட்டுடலாங்க. ஒரு பாட்டு ஓடுறப்போ அப்பா வண்டிய ஓரங்கட்டிட்டு, "இது யாருடா எழுதுனது, பாரேன்"ன்னாரு. ஸ்கிரீன்ல பாடுனவங்க எடத்துல வெப்சைட் பேரு, ஆல்பம்ங்கற எடத்துல அதே வெப்சைட் பேரு, பாட்ட உருவாக்குன ஒருத்தர் பேரும் இல்ல. மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

நானும் காலேஜ் படிக்கறப்போ லைம்வயர்ங்கற, காசு குடுக்காம ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் பாட்டு எடுத்துக்கற சாஃப்ட்வேர்ல ராத்திரி பூரா டவுன்லோட் போட்டவன்தான். அதுக்கு முன்னாடி 1999ல வந்த, அதே மாதிரி சாஃப்ட்வேரான நாப்ஸ்டர்ல யார்கிட்ட என்ன பாட்டு இருக்குங்கற லிஸ்ட் அவங்க சர்வர்லயே இருந்துச்சு, அதனால 2001ல கோர்ட் உத்தரவால நின்னுபோச்சு, லைம்வயர்ல நடுவுல அப்படி சர்வர் இல்லாததால 2010ல கோர்ட் தடுக்கற வரைக்கும் ஓடுச்சு. டாரன்ட்ல நீங்க எறக்கறப்பவே உங்க மெஷின்லேர்ந்து துண்டு துண்டா மத்தவங்களுக்கும் போய்ட்டே இருக்கும், 'நான் கேக்க மட்டுந்தான் எடுத்தேன்'னு சொல்லவே முடியாது. அப்ப காசு குடுத்து நெட்ல பாட்டு வாங்க நமக்கு வழியும் கம்மி. இப்ப அப்படி இல்லயே.

2012ல காப்பிரைட் சட்டத்த திருத்துனதுலேர்ந்து சினிமா பாட்டு தியேட்டருக்கு வெளிய ஓடுனா எழுதுனவருக்கும் இசையமைச்சவருக்கும் ராயல்டி பங்கு உண்டு, தயாரிப்பாளரே அத எழுதி வாங்கிக்க முடியாது. இந்த பென்டிரைவ்ல ஓடுறதுக்கு அவங்களுக்கு ஒரு பைசா போகாது.

கடையில போய் கேட்டேன். "வேற பாட்டு ஏத்தித் தர்றேன்ணே"ன்னாங்க, காசு தரல. எல்லாத்தையும் அழிச்சிட்டு, அப்பா போன்ல ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு காசு கட்டி ஆஃப்லைன்ல எறக்கி வெச்சுட்டேன், சிக்னல் இல்லாத எடத்துலயும் ஓடுது. அவர் கேக்கற சில பழைய பாட்டு அதுல இல்ல, அது குறைதான். அதுக்காக பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல ஒரிஜினல் கேசட் தேடறேன். போன வாரம் ஒண்ணு கெடச்சுது, உறையில எழுதுனவர்லேர்ந்து எல்லார் பேரும் இருந்துச்சு, அப்பா கண்ணாடிய போட்டுட்டு ஒவ்வொண்ணா சத்தமா படிச்சாரு.