ஈட்டி மர கிட்டாருக்குத் துளை அடைக்க: எபாக்ஸியா, மக்கா, அரக்கா?

ஸ்ப்ரூஸ், மேப்பிள் மரங்களுக்கு ஃபினிஷ் போடுகிறவருக்குத் துளை அடைக்கும் தலைவலி கிடையாது. அவற்றின் நுண்துளைகள் கண்ணுக்கே தெரியாது. ஈட்டி (ரோஸ்வுட்), மகோகனி, தேக்கு, பலா, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் எல்லாம் வேறு ரகம். எவ்வளவு இழைத்து உப்புத்தாள் போட்டாலும் ரேகையோடு சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். அதன்மேல் நேராக லேக்கர் என்னும் பளபளப்புப் பூச்சை அடித்தால் பள்ளமும் சேர்ந்து மினுங்கும்.

துளையை அடைக்கும் முன் ஒரு கேள்வி. கண்ணாடிப் பளபளப்பு உங்களுக்கு வேண்டுமா? மேட் போதும் என்றால் எதையும் அடைக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்துத் துடைத்து விடுங்கள், மரத்தின் துளை தெரிவதும் ஓர் அழகுதான். இனி வருவதெல்லாம் பளபளப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு.

சேலத்தில் கதவு, கட்டிலுக்கு பாலிஷ் போடும் ஆசாரியிடம் கேட்டால், “சாக் பவுடரில் காவி கலந்து வார்னிஷ் விட்டுக் குழைத்து மக்கு வை தம்பி, அவ்வளவுதான்” என்பார். மக்கு என்றால் துளையை அடைக்கும் குழைவு. கதவுக்கு அது தாராளம். கடையில் கிடைக்கும் எண்ணெய் மக்கும் ஏறக்குறைய அதே வம்சம்தான், சாக் பவுடருக்குப் பதில் பெரும்பாலும் சிலிக்கா தூள் இருக்கும். மரத்தைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் கலந்து, ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்து, மிச்சத்தைச் சாக்குத்துணியால் வழித்தெடுக்க வேண்டும். நிறம் கூடாவிட்டால் கருஞ்சிவப்பு ஈட்டியில் வெளிர்ப்புள்ளிகள் பல்லிளிக்கும். தவிர, ஈட்டியில் இயல்பாகவே இருக்கும் எண்ணெய்ப்பசை வார்னிஷ் காய்வதைத் தாமதப்படுத்தும். முழுக்கக் காயாமல் லேக்கர் அடித்தால் உள்ளே மங்கல் விழும்.

தண்ணீர் மக்கில் நாற்றம் இல்லை, கை கழுவுவதும் சுலபம். ஆனால் மரநார் எழும்பும், இரண்டு மூன்று முறை வைக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் வழித்தெடுப்பதற்குள் காய்ந்து போகும் என்பது தனிச் சங்கடம்.

இந்த இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. காய்வது என்றால் உள்ளே இருக்கும் தின்னரோ தண்ணீரோ வெளியேறுவது, வெளியேறிய இடம் காலியாகும். இன்றைக்குக் கண்ணாடிபோல இருக்கும் முதுகுப் பலகையில் சில மாதம் கழித்து ரேகைக் கோடுகள் திரும்ப எட்டிப் பார்க்கும். அதற்குள் கிட்டார் வாங்கியவர் வீட்டில் இருக்கும்.

எபாக்ஸி ஜெயிப்பது இந்த ஒரு இடத்தில்தான். ரெசினும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகுகின்றன. ஆவியாகிப் போக அதில் அநேகமாக ஒன்றுமில்லை, அதனால் சுருக்கமும் மிகக் குறைவு. கூடவே ஈட்டியின் நிறத்தை நனைத்ததுபோல ஆழமாக்கிக் காட்டும். வெளிர் மரத்தில் இதே குணம் லேசான மஞ்சளாகத் தெரியும் என்பதால் அங்கே யோசித்துப் போடுங்கள். எபாக்ஸியால் கிட்டாரின் சத்தம் மாறும் என்கிறவர்கள் உண்டு. முதுகிலும் பக்கத்திலும் துளைக்குள் மட்டும் இருக்கும் அளவு எபாக்ஸிக்கு நான் அதை நம்பவில்லை. ஸ்ப்ரூஸ் மேற்பலகைக்குத் துளை அடைக்கவே தேவையில்லை, அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கெட்டியான ஒட்டுப்பசை இதற்கு ஆகாது, துளைக்குள் இறங்காது. ஐந்து நிமிட ரகம் பரப்பி முடிப்பதற்குள் இறுகிவிடும். வெளிநாட்டுக் கிட்டார்க்காரர்கள் நிறையப் பேர் இசட்-பாக்ஸி ஃபினிஷிங் ரெசினைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் தெளிவான, நீர்த்த, மெதுவாக இறுகும் ரெசின் எதுவானாலும் சரி. கலவை விகிதம் எடையா, கொள்ளளவா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. எடை என்றால், சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் வைத்திருப்பதுபோல ஒரு குட்டி டிஜிட்டல் தராசு போதும்.

மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம் வருவது இங்கேதான். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை கையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மே மாதச் சேலத்தில் கப்பில் மொத்தமாகக் கலந்து வைத்தால் அது தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகலாம். கொஞ்சமாகக் கலந்து தட்டையான தட்டில் பரப்பி வையுங்கள். பூசுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். காலையில் பூசினால் மரம் சூடேறச் சூடேறத் துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும். மாலையில் மரம் குளிரும்போது அதே துளை ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் பிரச்சினை தலைகீழ். மழை, பனி மாதங்களின் குளிரில் ரெசின் தேன்போல் கெட்டியாகும், இறுகவும் நாள் பிடிக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் மேலே மெழுகுபோல ஒரு பிசுக்கைக் கொண்டுவரும். அதைக் கவனிக்காமல் லேக்கர் அடித்தால் ஒட்டாது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிட்டு, பிறகு உப்புத்தாள். நேராக உப்புத்தாளை வைத்தால் பிசுக்கு உள்ளே தேய்ந்துபோகும். மூடுபனி நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரும் வெளுக்கும், ஆக அங்கே வெயில் நாளாகப் பார்த்துக்கொள்வதே நல்லது.

பழைய ஏ.டி.எம். கார்டால் ரேகைக்குக் குறுக்குச்சாய்வாக அழுத்தி வழித்து, ஒரு நாள் விட்டுத் தேய்த்து, இன்னொரு பூச்சு. 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 320-இல் முடிக்கலாம். தேய்க்கும்போது சில இடத்தில் மரம் வெளிவரும், சில இடத்தில் படலம் நிற்கும், இரண்டுக்கும் நிறம் வேறாகி முதுகு தேமல் விழுந்ததுபோலத் தெரியும். கடைசியாக, ஸ்பிரிட் கலந்து நீர்த்த எபாக்ஸியைத் துணியால் மெல்லத் துடைத்துவிட்டால் நிறம் ஒன்றாகிவிடும். நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது. அரைகுறையாக இறுகிய எபாக்ஸியின் தூசியை மூச்சில் இழுக்கவே கூடாது.

அரக்கு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோடு நுரைக்கல் தூளைச் சேர்த்து, துணிப்பொட்டலத்தால் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, மரத்தூளே துளையை நிரப்பும். கிளாசிக்கல் கிட்டாருக்கு இதைவிட மெல்லிய ஃபினிஷ் அரிது, கீறல் விழுந்தாலும் அதே அரக்கால் சரிசெய்யலாம். ஆனால் ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். பொட்டலம் தவறிப்போய்ப் பக்கத்து ஸ்ப்ரூஸில் பட்டால் செந்நிறக் கறை. எபாக்ஸியில் அந்த ஆபத்து குறைவு. அரக்கு சூட்டுக்கும் வியர்வைக்கும் தாங்காது, சேலத்து மேடையில் அரைக்கை சட்டையோடு வாசிப்பவருக்குக் கொடுக்க யோசிப்பேன்.

ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசையாலும் சிலர் அடைக்கிறார்கள். வேகம்தான், ஆனால் கண் எரியும், முழு முதுகுக்குச் செலவு கட்டாது. ஒன்றிரண்டு தப்பிய துளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஈட்டி முதுகும் பக்கமும் பளபளப்பாக வேண்டும், வாங்குபவர் வேறு ஊர்க்காரர் என்றால் நான் எபாக்ஸிதான் எடுப்பேன். கிட்டார் நம் வீட்டிலேயே இருக்கப் போகிறது, வேலையிலும் அவசரம் இல்லை என்றால் அரக்கு. சில்வர் ஓக்கில் பழகிப் பார்க்கும் முதல் கிட்டாருக்குத் தண்ணீர் மக்கே போதும், கோடு திரும்ப எட்டிப் பார்த்தாலும் நஷ்டமில்லை. மகோகனிக் கழுத்துக்கு மட்டும் எதுவும் வேண்டாம். பளபளப்பான கழுத்து வியர்த்த கையில் பிடித்துக்கொண்டு நகராது, அங்கே மேட் வைத்துவிடுங்கள்.