ஓராண்டு, 12 செவ்வியல் நூல்கள்: ஒரு கூட்டு வாசிப்புச் சவால் பற்றிய மதிப்பீடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த செவ்வியல் நூல்களை மாதம் ஒன்றாகப் பலரும் சேர்ந்து வாசிக்கும் இணையவழிச் சவால் ஒன்றில் ஓராண்டு பங்கேற்று நிறைவு செய்திருக்கிறேன். தன்னார்வலர்கள் சிலர் நடத்தும் இச்சவாலுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. இதைப் போன்ற ஒன்றில் சேரலாமா என்று தயங்கும் வாசகர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகச் சேரலாம், ஆனால் முடித்த நூல்களின் எண்ணிக்கைக்காகச் சேர வேண்டாம். பலரும் ஒரே இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு, மேலே என்ன நடக்கும் என்று தெரியாமலேயே பேசிக்கொள்கிறார்களே, சவாலின் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நடைமுறை எளிமையானது. 1900 முதல் 1930 வரை நூலாக வெளிவந்த படைப்பாக இருக்க வேண்டும். 12 நூல்களில் பாதி எல்லோருக்கும் பொதுவானவை. மீதியை அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பொது நூல் ஒவ்வொன்றும் நான்கு வாரப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்த வார எல்லையைத் தாண்டி எவரும் பேசக் கூடாது என்பது கண்டிப்பான விதி. மாத இறுதியில் காணொளிச் சந்திப்பு நடக்கும். ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' 1899இல் இதழில் வந்து 1902இல்தான் நூலில் இடம்பெற்றது என்பதால் அதைச் சேர்க்கலாமா என்று தொடக்கத்தில் ஒரு விவாதம் எழுந்தது. நூலான ஆண்டே கணக்கு என்று ஒருங்கிணைப்பாளர்கள் உடனே தெளிவுபடுத்தினார்கள்.

நூல்கள் கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. 1929 வரை வெளியான படைப்புகள் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கியவை ஆகிவிட்டதால், ஆங்கில மூலங்களில் பலவற்றைக் பழைய நூல்களை மின்னூலாக வழங்கும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகப் பெறலாம். மொழிபெயர்ப்புகளின் நிலை வேறு. மூல நூலுக்கு உரிமை தீர்ந்திருந்தாலும் அண்மைக்கால மொழிபெயர்ப்புக்கு உரிமை தனியாக உண்டு என்பதால், ஒரே நூலை ஆளுக்கொரு பதிப்பில் வாசிக்க நேர்கிறது. அதனால் பக்க எண்ணைச் சொல்லி எல்லை வகுப்பது பயன்படாது. ஒருங்கிணைப்பாளர்கள் இதை நன்கு உணர்ந்து, அத்தியாயங்களையும் காட்சிகளையும் வைத்தே எல்லைகளைக் குறித்திருந்தார்கள்.

இந்தக் கவனம் வர்ஜீனியா உல்ஃபின் 'மிஸஸ் டாலவே' நாவலின்போது மிகவும் உதவியது. 1925இல் வெளியான இந்த நாவலுக்கு எண்ணிட்ட அத்தியாயங்களே இல்லை. 1923 ஜூன் மாதத்தின் ஒரே நாள் அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாயகி கிளாரிஸாவின் வீட்டைவிட்டு அவளுடைய பழைய நண்பர் பீட்டர் வால்ஷ் வெளியேறும்போது லண்டனின் பிக் பென் கடிகாரம் பதினொன்றரை மணி அடிக்கும் இடத்தை முதல் வார எல்லையாக வைத்திருந்தார்கள். நாவலே மணியோசையால் காலத்தை அளந்துகொண்டு போகும்போது வாசிப்பையும் அதே மணியோசையில் நிறுத்தியது நுட்பமான முடிவு. போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய செப்டிமஸை மருத்துவர் பிராட்ஷா சந்திக்கும் பகுதி வந்தபோது, மருத்துவத் துறையைச் சேர்ந்த பங்கேற்பாளர் ஒருவர் நான் கவனிக்காமல் கடந்துவிட்ட ஒரு விவரத்தைச் சுட்டிக்காட்டினார். பிராட்ஷா தம் நோயாளிகளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறவர். ஆனால் செப்டிமஸின் நிலையை இரண்டு மூன்று நிமிடங்களிலேயே தீர்மானித்துவிடுகிறார். மீதி நேரத்தில் பிராட்ஷா கேட்பதெல்லாம் முன்பே எழுதிவிட்ட தீர்ப்புக்குச் சடங்கு என்று அந்தப் பங்கேற்பாளர் சொன்ன பிறகு, அந்தக் காட்சி முழுவதையும் மறுபடி வாசித்தேன். தனியாக வாசித்திருந்தால் பிராட்ஷாவைக் கடுமையான மனிதர் என்று மட்டும் எண்ணிக்கொண்டு நகர்ந்திருப்பேன்.

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் 'கொகோரோ' இந்தச் சவாலுக்கென்றே எழுதப்பட்டதோ என்று எண்ணும்படி அமைந்தது. அது 1914 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அசாஹி நாளிதழில் 110 தவணைகளாக வெளிவந்த கதை. அன்றைய வாசகர்கள் காத்திருந்து காத்திருந்து வாசித்ததை நாம் ஓரிரு நாள்களில் விழுங்கிவிடுகிறோம். கதைசொல்லியான இளைஞன் 'சென்சேய்' (ஆசான்) என்று அழைக்கும் மனிதர் மாதந்தோறும் ஒரு நண்பரின் கல்லறைக்குச் செல்வதும், அதற்கான காரணத்தைச் சொல்ல மறுப்பதும் முதல் பகுதியிலேயே வந்துவிடுகின்றன; விடையோ மூன்றாம் பகுதியான நீண்ட கடிதத்தில்தான் கிடைக்கிறது. எங்கள் குழு கடிதத்திற்கு முன்னால் ஒரு வாரம் நிறுத்தப்பட்டது. அந்த வாரத்தில் சென்சேயைக் கோழை என்றவர்களும், துயரத்தில் உறைந்தவர் என்றவர்களும், மனைவியிடம் எதையும் சொல்லாத அவரை மன்னிக்கவே முடியாது என்றவர்களும் இருந்தார்கள். கடிதத்தை வாசித்த பிறகு பலர் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். மனைவியைப் பற்றிப் பேசியவர்கள் மட்டும் மாறவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். எந்தத் திறனாய்வு நூலும் எனக்குத் தராத தெளிவை அந்த ஒரு வாரக் காத்திருப்பு தந்தது.

இவ்வளவு சிறப்பாக நடக்கும் சவாலைக் கெடுப்பது அதன் மதிப்பெண் முறை. முடித்த நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பெயர்ப்பட்டியல் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படுகிறது. காஃப்காவின் 'உருமாற்றம்' என்ற குறுநாவலுக்கும் தாமஸ் மன்னின் 'மேஜிக் மவுண்டன்' என்ற பெருநாவலுக்கும் ஒரே புள்ளிதான். விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: விருப்பத் தேர்வுகளில் மெலிந்த நூல்களே குவிந்தன. அதைவிடப் பெரிய கேடு, நீண்ட நூல்களையும் அவசரமாக ஓட்டும் பழக்கம் வந்துவிட்டது. மன்னின் நாவலில் ஹான்ஸ் காஸ்டோர்ப் மூன்று வாரத்திற்கென்று மலைமேல் உள்ள காசநோய் மருத்துவமனைக்குப் போய் ஏழு ஆண்டுகள் தங்கிவிடுகிறான். அந்த முதல் மூன்று வாரங்களைச் சொல்ல எத்தனை பக்கங்கள் பிடித்தன, அடுத்த மூன்று வாரங்கள் எவ்வளவு விரைவாகக் கடக்கப்போகின்றன என்று கதைசொல்லியே நின்று பேசுகிறார். காலம் நீளுவதையும் சுருங்குவதையும் வாசகரே உணர வேண்டிய அந்த நாவலை ஒரே மாதத்தில் அடக்கியதால், பாதியில் விலகியவர்கள் அதில்தான் அதிகம். முடித்தவர்களில் சிலரும் அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லாமல் சந்திப்பில் அமர்ந்திருந்தார்கள். புள்ளிகளை நீக்கிவிட்டு, வாரப் பேச்சில் பங்கெடுத்தவர்களை மட்டும் குறித்துவைத்தால் போதும் என்று என் இறுதிக் கருத்தில் வலியுறுத்தியிருக்கிறேன்.

பொதுப் பட்டியலும் ஐரோப்பா பக்கம் அதிகமாகச் சாய்ந்திருந்தது. 'கொகோரோ'வைத் தவிர ஆசிய நூல்கள் விருப்பத் தேர்வுக்குத் தள்ளப்பட்டதால் அவற்றைப் பற்றிக் கூடிப் பேச வாய்ப்பில்லை. 1916இல் நூலான தாகூரின் 'வீடும் உலகமும்' நிகில், பிமலா, சந்தீப் என்ற மூவர் தத்தம் குரலில் மாறிமாறிச் சொல்லும் கதை. யாரை நம்புவது என்ற கேள்வி வாரந்தோறும் புதிதாக எழும் நூல். அதைத் தனியாக வாசிக்க விட்டது உண்மையிலேயே இழப்பு. கான்ராடைப் பொறுத்தவரை, அந்த நூல் ஆப்பிரிக்கர்களை இழிவாகக் காட்டுகிறது என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் ஆற்றிய கடும் விமர்சன உரையையும் சேர்த்து வாசிக்கச் செய்ததற்காகப் பாராட்ட வேண்டும். ஆனால் உரையை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டதால் பலர் நூலை அச்செபேயின் கண்களால் மட்டுமே பார்த்தார்கள். கடைசி வாரத்தில் கொடுத்திருந்தால் விவாதம் இன்னும் சூடு பிடித்திருக்கும்.

வாரத்திற்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், வேகமாக வாசிக்கக்கூடியவர்களாக இருந்தாலும் எல்லையில் நிற்கச் சம்மதிப்பவர்கள், இச்சவாலில் தயங்காமல் சேரலாம். ஆண்டின் நடுவில் சேர்பவர்கள் பொது நூல் தொடங்கும் மாதமாகப் பார்த்துச் சேருவது நல்லது; விருப்ப நூல் மாதங்களில் குழு ஏறக்குறைய அமைதியாகத்தான் இருக்கும். வரும் ஆண்டில் நீண்ட நாவல்களுக்கு இரண்டு மாதம் தரப்போவதாகவும், தாகூரின் நாவல் பொதுப் பட்டியலுக்கு வருவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். புள்ளி முறை மட்டும் அப்படியே தொடர்கிறது. இருந்தாலும் நான் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன்.